குரூப் வேர்க் செஞ்சா மாணவர் மையக் கல்வியா? பிள்ளைக்கு இன்னொரு மொழி எதுக்கு?

வெள்ளவத்தையில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா. மகள் தமிழ் மீடியம், தரம் 7. ஸ்கூல்ல மாணவர் மையக் கல்வி எண்டு சொல்லி டிமை எண்ட பெரிய பேப்பரும் குரூப் வேர்க்கும்தான் நடக்குது, சிங்களமும் இங்கிலிஷும் கொப்பியில இருக்கு வாயில வரல்ல, இதுக்குள்ள சொந்தக்காரர் எல்லாம் பிரெஞ்சுக்கு விடு ஜப்பான் மொழிக்கு விடு எண்டு சொல்றாங்க, இருக்கிற மொழியே வராத பிள்ளைக்கு இன்னொண்டு எதுக்கு, இந்த மாணவர் மையம் எண்டதே சும்மா கதையா எண்டு. நான் கொழும்புல கனகாலமா மொழி படிப்பிக்கிறன், ஸ்கூல் பிள்ளையளுக்கும் படிப்பிச்சிருக்கிறன், வெளிநாடு போற பெரியாக்களுக்கும் படிப்பிச்சிருக்கிறன், அதால கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறன், ஆறுதலா வாசிங்க அக்கா.

மாணவர் மையம் சும்மா கதை இல்ல. ஆனா நம்மட வகுப்புகள்ல அதிண்ட வெளித்தோற்றம் மட்டும் வந்து சேர்ந்திருக்கு. ஒரு மொழி வகுப்புல டீச்சர் ரெண்டு கேள்விக்கு பதில் தெரிஞ்சு வச்சிருக்க வேணும். இந்தப் பிள்ளை இந்த மொழிய வச்சு நாளைக்கு யாரோட என்ன செய்யப் போகுது? இந்த மொழிக்கு உதவுற மாதிரி இந்தப் பிள்ளையிட தலைக்குள்ள ஏற்கனவே என்ன இருக்கு? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்ச டீச்சர் முழு நேரமும் தானே நிண்டு கதைச்சாலும் அது மாணவர் மையம்தான், தெரியாத டீச்சர் பிள்ளையள வட்டமா இருத்தி மார்க்கர் குடுத்தாலும் அது பழைய பாடம்தான், கதிரைய மட்டும் மாத்தி வச்சிருக்கு.

இது எப்பிடி இந்த நிலைக்கு வந்தது எண்டு பார்த்தா, 2007ல பாடத்திட்டத்த தேர்ச்சி மையமா மாத்தினாங்க, மஹரகம தேசிய கல்வி நிறுவகம் ஐந்து ஈ (5E) எண்ட முறைய கொண்டு வந்தது, அதாவது பிள்ளைய ஆர்வப்படுத்துறது, தானே தேட விடுறது, தேடினத விளக்க வைக்கிறது, அத விரிக்கிறது, கடைசியில மதிப்பிடுறது. யோசனை நல்ல யோசனை. ஆனா நாப்பது நிமிசப் பாடம், நெருக்கமா இருக்கிற வகுப்பு, முடிக்க வேண்டிய சிலபஸ், கடைசியில வாற பேப்பர் அதே எழுத்துப் பேப்பர். டீச்சர்மார் என்ன செய்வாங்க? வழிகாட்டியில செயற்பாடு எண்டு இருக்கிறத ஒரு டிமை பேப்பர்ல முடிச்சிட்டு மிச்ச நேரத்துல பாஸ் பேப்பருக்கு, அதாவது பழைய பரீட்சைப் பேப்பருக்கு ஓடுறாங்க. நான் அவங்கள குறை சொல்லல்ல, பேப்பர் எத கேக்குதோ வகுப்பு அதத்தான் படிப்பிக்கும், உலகத்துல எந்த நாட்டுலயும் அப்பிடித்தான். கதைக்கிறதுக்கு ஒரு புள்ளியும் இல்லாத பரீட்சைய வச்சுக்கொண்டு கதைக்க வைக்கிற வகுப்ப எதிர்பார்க்க ஏலாது.

குரூப் வேர்க் பற்றி ஒரு விசயம் கட்டாயம் சொல்ல வேணும், ஏனெண்டா இது நமக்குப் பக்கத்துலயே நடந்தது, ஆனா நம்மட டீச்சர்மாருக்கு பெரிசா சொல்லிக் குடுக்கிறதில்ல. 1979ல இருந்து 1984 வரைக்கும் என். எஸ். பிரபு எண்டவர் பெங்களூர், சென்னை பக்கத்துல இருந்த சாதாரண பள்ளிக்கூடங்கள்ல ஒரு இங்கிலிஷ் திட்டம் நடத்தினார். இலக்கணப் பாடம் இல்ல, புது மொழி உருப்படிகள ஒவ்வொண்டா அறிமுகப்படுத்துறதும் இல்ல. ரயில் நேர அட்டவணை, ஊர் வரைபடம், தூரக் கணக்கு, இப்பிடி ஏதாவது ஒண்டக் குடுத்து பிள்ளையள யோசிக்க வைக்கிறது. பத்து மணிக்கு முதல் அங்க போய்ச் சேர வேணும் எண்டா எந்த ரயிலப் பிடிக்க வேணும், இவர் அந்த ரயில விட்டா அடுத்தது எத்தினைக்கு, இந்த மாதிரி. முதல்ல டீச்சர் வகுப்பு முழுக்கவோட சேர்ந்து அந்த மாதிரி ஒரு கணக்க இங்கிலிஷ்ல கேள்வி கேட்டுக் கேட்டு தீர்ப்பார், பிறகு அதே மாதிரி இன்னொண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக் குடுப்பார். வகுப்புல பாதிப் பேருக்காவது பாதிக் கணக்கு சரி வந்தா அந்த வேலை அந்த வகுப்புக்குப் பொருத்தம், இல்லாட்டி அடுத்த முறை லேசாக்குவார். அந்த அளவுகோலப் பாருங்க, பாடம் சரியா பிழையா எண்டு முடிவு செய்யிறது புத்தகம் இல்ல, அந்த வகுப்பில இருக்கிற பிள்ளையள். மாணவர் மையம் எண்டா எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அதே திட்டத்துல பிரபு குரூப் வேர்க்க வேணுமெண்டே பெரிசா பாவிக்கல்ல. காரணம் எளிது, ஒரே அளவு அரைகுறையா மொழி தெரிஞ்ச நாலு பிள்ளைய ஒண்டா விட்டா அவங்களுக்குள்ள ஒரு உடைஞ்ச மொழிதான் உருவாகும், இல்லாட்டி தாய்மொழியிலயே வேலைய முடிச்சிட்டு கடைசி வரிய மட்டும் இங்கிலிஷ்ல எழுதுவாங்க. நம்மட வகுப்புகள்லயும் அதுதானே நடக்குது, கெட்டிக்காரப் பிள்ளை எழுதும், வடிவான கையெழுத்து உள்ளது தலைப்புக்கு கலர் அடிக்கும், மற்ற ரெண்டும் ஜன்னலால வெளியில பாக்கும். குரூப் வேர்க் கூடாது எண்டு நான் சொல்ல வரல்ல, ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்ச தகவல் மற்றப் பிள்ளைக்குத் தெரியாது, கேட்டாத்தான் கிடைக்கும் எண்ட மாதிரி வேலையப் பிரிச்சுக் குடுத்தா அது அருமையா வேலை செய்யும். சும்மா ஒரு தலைப்பக் குடுத்து கதைச்சு எழுதுங்கோ எண்டு விட்டா வேலை செய்யாது.

அதே நேரம் கேட்டுக்கொண்டும் வாசிச்சுக்கொண்டும் மட்டும் இருந்தா போதும் எண்டு நினைக்கிறதும் சரி வராது. கனடாவுல மொன்றியலுக்குப் பக்கத்துல செயின்ட் லாம்பர்ட் எண்ட இடத்துல 1965ல இங்கிலிஷ் பேசுற பெற்றோர் தாங்களே நிண்டு போராடி ஒரு திட்டம் தொடங்க வச்சாங்க, பிள்ளையளுக்கு பாடங்களையே பிரெஞ்சுல படிப்பிக்கிறது. அது பிறகு கனடா முழுக்கப் பரவினது. நல்ல பலன், பிள்ளையள் கேட்டு விளங்கிக்கொள்றதுல பிரெஞ்சுப் பிள்ளையளுக்கு கிட்டத்தட்ட சமமா வந்தாங்க. ஆனா வருசக்கணக்கா படிச்ச பிறகும் கதைக்கிறதுலயும் எழுதுறதுலயும் பிழைகள் அப்பிடியே நிண்டது. மெரில் ஸ்வெய்ன் எண்ட ஆராய்ச்சியாளர் 1985ல இதுக்கு ஒரு விளக்கம் சொன்னா, கேக்கேக்க அரைகுறையா விளங்கினாலும் ஓட்டிப் போயிடலாம், கதைக்க வேண்டி வரேக்கத்தான் எனக்கு இந்த இடத்துல என்ன சொல்றது எண்டு தெரியாது எண்டு பிள்ளைக்கே விளங்கும், அந்த இடைவெளிய உணர்ற நேரம்தான் கற்றல் நடக்குது எண்டு. உங்கட மகளுக்கு கொப்பியில இருக்கு வாயில வரல்ல எண்டீங்களே, அவக்கு அந்த இடைவெளிய உணர்ற சந்தர்ப்பத்த ஒருத்தரும் குடுக்கல்ல, அவ்வளவுதான். பிள்ளையில ஒரு குறையும் இல்ல.

இப்ப ரெண்டாவது கேள்வி, தலைக்குள்ள ஏற்கனவே என்ன இருக்கு எண்டது. இதத்தான் நம்மட டியூசன் வகுப்புகள் முழுசா வீணாக்குது. தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்கு சிங்களம் அந்நிய மொழியே இல்ல. நான் ஸ்கூலுக்குப் போறன் எண்டதுக்கு மம இஸ்கோலெட யனவா. சொல் வரிசை அப்பிடியே. நம்மட கு உருபு நிக்கிற இடத்துல அங்க ட நிக்குது. எனக்குப் பசி, மட படகினி. எனக்குப் போக ஏலும், மட யன்ன புளுவன். இங்கிலிஷ்ல இந்த வசனங்களுக்கு நான் எண்டுதான் தொடங்க வேணும், சிங்களத்துல எனக்கு எண்டே தொடங்கலாம், நம்மட மாதிரியே. அதோட கதைக்கிற சிங்களத்துல வினை ஆளுக்கு ஆள் மாறாது, மம யனவா, ஒயா யனவா, எயா யனவா, எல்லாருக்கும் அதே யனவா. நம்மளுக்கு போறன் போறாய் போறான் போறா எண்டு எத்தின. அதாவது இந்த இடத்துல தமிழ விட சிங்களம் லேசு. ஆனா எழுத்துச் சிங்களத்துல மம யமி எண்டு வினை மாறும், அது வேற கதை. நான் பார்த்த வகுப்புகள்ல என்ன நடக்குது எண்டா முதல் நாளே எழுத்து, பிறகு எழுத்துநடை வசனம், பிறகு கட்டுரை மனப்பாடம், பிள்ளைக்கு வருசக்கணக்கா சிங்களம் இருந்தும் பஸ்ல கொண்டக்டரிட்ட மிச்சக் காசு கேக்க வாய் வராது. கதைக்கிற சிங்களத்த முதல் வாயில ஏத்திட்டு எழுத்துக்குப் போனா இந்தப் பயமே வராது. சிங்களப் பிள்ளையளுக்கு தமிழ் படிப்பிக்கிற இடத்துலயும் இதே பிழைதான், நான் செல்கிறேன் எண்டு படிச்சிட்டு வந்து வெள்ளவத்தை மார்க்கெட்ல நிண்டா ஒருத்தர் கதைக்கிறதும் விளங்காது.

ஜப்பான் மொழிக்கும் இந்த நன்மை இருக்கு. வதாஷி வா கக்கோ நி இகிமாஸ், நான் பாடசாலைக்குப் போகிறேன், திரும்ப அதே வரிசை, வினை கடைசியில, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால. கொரிய மொழியும் அப்பிடித்தான். அமெரிக்க வெளியுறவுத்துறை தங்கட ஆக்களுக்குப் போட்ட கணக்குல ஜப்பான் மொழிக்கு 2200 மணித்தியாலம், பிரெஞ்சுக்கு அதுல மூண்டில் ஒரு பங்களவு எண்டு இருக்கு, அத எடுத்து வச்சு ஜப்பான் மொழி உலகத்துலயே கஷ்டமானது எண்டு நம்மட பிள்ளையள பயப்படுத்துறாங்க. அந்தக் கணக்கு இங்கிலிஷ் தாய்மொழிக்காரருக்குப் போட்டது. நமக்கு கஞ்சி எண்டு சொல்ற சீன எழுத்துகள் கஷ்டம்தான், அதுக்கு நேரம் குடுத்தே ஆக வேணும், ஆனா வசனம் கட்டுறது கஷ்டமில்ல. இதச் சொன்ன உடன தமிழ்ல இருந்துதான் ஜப்பான் மொழி வந்தது எண்டு ஆரும் தொடங்குவாங்க. சுசுமு ஓனோ எண்ட ஜப்பான் அறிஞர் ரெண்டுக்கும் உறவு இருக்கு எண்டு வாதாடினது உண்மை, ஆனா மொழியியலாளர்ல பெரும்பாலான ஆக்கள் அத ஏத்துக்கொள்ளல்ல. உறவு இல்லாட்டியும் அமைப்பு ஒத்துப் போறது படிக்கிற பிள்ளைக்கு உண்மையான உதவி, அது போதும் எனக்கு. பிரெஞ்சுக்கு நிலைமை வேற, வசன அமைப்பு புதுசு, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் பெண்பால், ஆனா ஓரளவு இங்கிலிஷ் வாசிக்கிற பிள்ளைக்கு சொற்கள் நிறைய ஏற்கனவே முகம் தெரிஞ்சதா இருக்கும். ஆக எந்த மொழி லேசு எண்ட கேள்விக்கு பிள்ளைய விட்டுட்டு பதில் சொல்ல ஏலாது.

உங்கட கேள்வியில எனக்கு கவலையா இருந்த இடம் ஒண்டு இருக்கு. சிங்களத்தையும் இங்கிலிஷையும் ஒரே பையில போட்டு வராத மொழிகள் எண்டு எழுதினீங்க, பிறகு பிரெஞ்சு, ஜப்பான் பற்றித்தான் கேட்டீங்க. கொழும்புல இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு சிங்களம்தான் முதல் உலக மொழி எண்டு நான் நினைக்கிறன். இந்த வார்த்தைக்கு சிலருக்கு கோவம் வரும், 1956ல தனிச் சிங்களச் சட்டம் வந்து நம்மட ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டது எனக்கும் தெரியும், அந்த வலி உண்மை, மறக்கச் சொல்லல்ல. தமிழும் அரசகரும மொழி எண்டு அரசியலமைப்புல வந்தது 1987ல 13ம் திருத்தத்தோட. சுயமொழிக் கல்வி வந்தது நல்லதுக்குத்தான், கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கராவிட 1943 அறிக்கை, 1945ல இலவசக் கல்வி, தாய்மொழியில படிக்கலாம் எண்டு வந்தபடியாத்தான் ஊர்ப் பிள்ளையள் டொக்டராகவும் என்ஜினியராகவும் வர முடிஞ்சது. ஆனா ரெண்டு மீடியமும் ரெண்டு பக்கமா போய், பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்க ஒரு மொழியும் இல்லாம வளர்ந்தாங்க. 2012ல மும்மொழி இலங்கை எண்டு பத்து வருசத் திட்டம் தொடங்கினாங்க, அப்துல் கலாம் கூட வந்து கதைச்சிட்டுப் போனார். பொலிஸ் ஸ்டேஷன்ல தமிழ்ல முறைப்பாடு எழுத ஒருத்தரும் இல்லாத நிலை அதுக்குப் பிறகும் நிண்டு போகல்ல. உரிமைய கேக்கிறதுக்கும் எதிர்ல இருக்கிற ஆள் எழுதுறது என்ன எண்டு விளங்க வேணும், தனக்கு விளங்காத தாளுல பிள்ளை கையெழுத்து வைக்கக் கூடாது. எனக்கு இது மற்ற எல்லா காரணத்தையும் விட பெரிசு.

சரி, வெளிநாட்டு மொழி. இங்க ஆக்கள் அதுக்குப் போறதுக்கு பெரும்பாலும் விசாதான் காரணம், அதுல வெக்கப்பட ஒண்டும் இல்ல. கொரியாவுக்கு வேலைக்குப் போறாக்களுக்கு ஈபிஎஸ் டோபிக் எண்ட கொரிய மொழிப் பரீட்சை, ஜப்பானுக்கு 2019 ஏப்ரல்ல வந்த திறன் தொழிலாளர் விசாவுக்கு ஜேஎல்பிடி எண்ட ஜப்பான் மொழிப் பரீட்சையில என் 4 நிலை அல்லது அதுக்குச் சமமான அடிப்படைப் பரீட்சை, ஜெர்மனியில இருக்கிற கணவன் மனைவியோட போய்ச் சேர 2007ல இருந்து பொதுவா ஜெர்மன் மொழியில ஏ 1 எண்ட ஆரம்ப நிலை கேக்கிறாங்க. இந்தப் பரீட்சைகள ஒண்டோட ஒண்டு வச்சுப் பாருங்க. ஈபிஎஸ் டோபிக்கும் ஜேஎல்பிடியும் வாசிக்கிறதும் கேக்கிறதும்தான், விடையத் தெரிவு செஞ்சா சரி, கதைக்கிற பகுதியே இல்ல. அதால ஹோல்ல நூறு பேர இருத்தி மைக்ல கத்தி பாஸ் பேப்பர் செய்ய வைக்கிற வகுப்பால கூட பாஸ் பண்ண வைக்க ஏலும், பாஸ் பண்ணிப் போன பொடியன் அங்க பக்டரியில சூப்பர்வைசர் அந்த மெஷின் கிட்ட போகாத எண்டு கத்தேக்க விளங்காம நிக்கிறான், போய் வந்தாக்கள் என்னட்ட இதச் சொல்லியிருக்கிறாங்க. அது உயிர் சம்பந்தப்பட்ட விசயம். ஜெர்மன் மொழி நிறுவனமான கெதேயிட ஏ 1ல கதைக்கிற பகுதி இருக்கு, சில பேர் ஒண்டா இருந்து முதல்ல தன்ன அறிமுகப்படுத்த வேணும், பிறகு சாப்பாடு எண்ட தலைப்புல ஒரு அட்டை வரும், அதுல இருக்கிற சொல்ல வச்சு பக்கத்தில இருக்கிறவரிட்ட ஒரு கேள்வி கேக்க வேணும், கடைசியில ஒரு உதவி கேக்க வேணும். பிரெஞ்சு மொழிக்கு இருக்கிற டெல்ஃப் பரீட்சையில நாலு திறனுக்கும் 25 புள்ளிப்படி, மொத்தம் 50 எடுத்தா பாஸ், ஆனா ஏதாவது ஒண்டுல 5க்கு குறைஞ்சா அவ்வளவும் போச்சு. அதால அந்த வகுப்புகள் கதைக்க வச்சே ஆக வேணும்.

ஜெர்மன் ஏ 1 வகுப்புக்கு வாற பிள்ளையள் கன பேர் கலியாணம் முடிச்சு காத்துக்கொண்டு இருக்கிறவங்க, சில பேர் ஊர்ல இருந்து வந்து கொழும்புல ரூம் எடுத்து நிண்டு படிக்கிறாங்க. அவங்களுக்கு புத்தகத்துல இருக்கிற ஹொலிடே போற கதையப் படிப்பிக்கிறத விட, டொக்டரிட்ட எங்க நோகுது எண்டு சொல்றது, பிள்ளைய சேர்க்க கிண்டர்கார்டனுக்குப் போனா என்ன கேப்பாங்க, பஸ் பிந்தினா ஆருக்கு எப்பிடி அறிவிக்கிறது, இதுகளப் படிப்பிச்சா ரெண்டு கிழமையில ஆளே மாறிடுவாங்க, வாயத் திறக்காத பிள்ளை கூட மற்றவங்களத் திருத்தத் தொடங்கும். ஐரோப்பிய கவுன்சில் 2001ல கொண்டு வந்த ஏ 1ல இருந்து சி 2 வரையான அளவுகோல் முழுக்க இந்த யோசனையிலதான் எழுதியிருக்கு, எத்தின இலக்கணம் தெரியும் எண்டு கேக்கிறதில்ல, என்ன செய்ய ஏலும் எண்டு கேக்குது. வகுப்புத் தொடங்க முதல் ஒவ்வொரு ஆளிட்டயும் நீங்க போய் முதல் மாசம் ஆரோட கதைக்க வேண்டி வரும் எண்டு கேட்டு எழுதி வாங்கிறது என்ட வழக்கம், அந்தத் தாள்கள்தான் என்ட உண்மையான பாடத்திட்டம்.

விசாவுக்கு அப்பால ஏதும் இருக்கா எண்டா, இருக்கு, அதுக்கு நம்மட நாட்டு ஆளயே சொல்லலாம். தனிநாயகம் அடிகள் 1913ல ஊர்காவற்துறைக்குப் பக்கத்துல கரம்பொன்ல பிறந்தவர், கொழும்புல குருமடத்துல படிச்சு ரோமுக்குப் போனவர், ஐரோப்பிய மொழிகள் பலது தெரியும். தமிழ முறையா ஆழமாப் படிச்சது அதுக்குப் பிறகுதான், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல. 1679ல அச்சான தமிழ் போர்த்துக்கேய அகராதி ஒண்ட 1954ல வத்திக்கான் நூலகத்துல கண்டுபிடிச்சு 1966ல திரும்ப வெளியில கொண்டு வந்தவர் அவர்தான். போர்த்துக்கேய மொழி வாசிக்கத் தெரியாத ஒருத்தர் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்துல நிண்டிருந்தாலும் தாண்டித்தான் போயிருப்பார். 1964ல அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்க முன்னுக்கு நிண்டதும் அவர்தான், செக் நாட்டுக்காரரோட, பிரெஞ்சுக்காரரோட உக்காந்து கதைக்கிறதுக்கு அவருக்கு மொழி இருந்தது. அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்துல விரிவுரை செஞ்சதும் கல்வித்துறையிலதான். பிற மொழி படிச்சா தமிழ் போயிடும் எண்டு பயப்படுறாக்களுக்கு நான் இவரத்தான் காட்டுவன்.

ரெண்டு மொழி படிச்சா மூளை கூர்மையாகும், வயசு போனா மறதி வராது எண்டு சொல்லி விளம்பரம் போடுறாங்களே, அத நம்பி காசு கட்டாதீங்க. அந்த ஆராய்ச்சிகள் சிலது அப்பிடிச் சொல்லுது, திரும்ப செஞ்சு பார்த்த வேற ஆராய்ச்சிகளுக்கு அதே முடிவு கிடைக்கல்ல, இன்னும் விவாதத்துல இருக்கு. மொழி படிக்கிறதுக்கு அது தேவையில்லாத காரணம்.

வயசு பற்றியும் ஒரு பயம் இருக்கும் உங்களுக்கு, சின்னதுலயே விட்டிருக்க வேணுமோ பிந்திட்டோ எண்டு. பிந்தல்ல. 1978ல ஸ்னோ, ஹோஃப்னாகல் ஹோலே எண்ட ரெண்டு பேர் நெதர்லாந்துக்கு வந்து டச்சு படிச்ச இங்கிலிஷ்காரரப் பின்தொடர்ந்து பார்த்தாங்க, மூண்டு வயசுப் பிள்ளையில இருந்து பெரியாக்கள் வரை. முதல் வருசத்துல ஆக வேகமாப் படிச்சது 12ல இருந்து 15 வயசுப் பிள்ளையள். உச்சரிப்பு சின்ன வயசுல தொடங்கினா நல்லா வரும், ஆனா அது நாள் முழுக்க அந்த மொழிக்குள்ள வாழுற பிள்ளைக்கு. கிழமைக்கு ஒருக்கா ரெண்டு மணித்தியாலம் வகுப்புக்குப் போற பிள்ளைக்கு உங்கட மகளிட வயசு அருமையான வயசு, இலக்கணம் சொன்னாலும் விளங்கும், பிழை விட்டா வெக்கப்படுற வயசு இன்னும் முழுசா வரவும் இல்ல.

அதால நான் என்ன செய்வன் எண்டா, இந்த வருசம் புது மொழிக்கு விட மாட்டன். சிங்களத்த வாய்க்குக் கொண்டு வருவன். டியூசன் தேவையில்ல, உங்கட றோட்டே காணும். பிரபு செஞ்ச மாதிரி அவவுக்கு ஒரு வேலையக் குடுங்க, மொழிப் பாடமாக் குடுக்காதீங்க. ரெண்டு ஃபோன் கடையில போய் டேட்டா பக்கேஜ் விலையும் நாளும் கேட்டு எது லாபம் எண்டு கண்டுபிடிச்சு வரச் சொல்லுங்க. முதல் முறை நீங்க பக்கத்துல நிண்டு கேளுங்க, அவ பாக்கட்டும், ரெண்டாவது கடையில அவ கேக்கட்டும். காலிக்குப் போற ரயில் எத்தினைக்கு, வெள்ளவத்தையில நிக்குமா, கோட்டைக்குப் போய் ஏற வேணுமா எண்டு ஸ்டேஷன்ல விசாரிக்கச் சொல்லுங்க. பிழையா கேட்டாலும் இடையில திருத்தாதீங்க, ஆக்கள் பாசமாத்தான் பதில் சொல்லுவாங்க, வீட்டுக்கு வந்த பிறகு எந்த இடத்துல சொல் வரல்ல எண்டு அவவிட்டயே கேளுங்க. அந்தச் சொற்கள ஒரு சின்னக் கொப்பியில அவவே எழுதட்டும், அந்தக் கொப்பிய நீங்க திருத்தவும் வேணாம். இங்கிலிஷுக்கு இப்போதைக்கு வாசிப்பு, அவவிட தரத்துக்கு ஒரு படி லேசான கதைப் புத்தகங்கள், பப்ளிக் லைப்ரரியில சிறுவர் பகுதி இருக்கு, அவவே எடுக்கட்டும், பாதியில பிடிக்காட்டி வச்சிட்டு வேறொண்டு எடுக்கலாம். வாசிச்சத சொல்லச் சொல்லி பரீட்சை வைக்காதீங்க, அந்த ஒரு வேலையாலயே வாசிப்ப வெறுத்த பிள்ளையள் எத்தின பேரக் கண்டிருக்கிறன்.

மூண்டாவது மொழிய தரம் 8 கடைசியில அவவிட்ட கேளுங்க. இப்ப இருக்கிற முறையில ஓ எல்லுக்கு முதலாவது பாடத் தொகுதியில பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான், ஹிந்தி, அரபு, கொரியன், சீனம், ரஷ்யன் எல்லாம் எடுக்கலாம், இரண்டாம் மொழிச் சிங்களமும் அங்கதான் இருக்கு, ஆனா எல்லா ஸ்கூல்லயும் டீச்சர் இல்ல, உங்கட ஸ்கூல்ல எது இருக்கு எண்டு முதல்லயே விசாரிச்சு வையுங்க. பாரிஸ்ல லா ஷப்பல் பக்கம் மாமா குடும்பம் இருந்து அந்தப் பிள்ளையளோட வீடியோ கோல்ல கதைக்கிறா எண்டா பிரெஞ்சுக்கு அவவுக்கு ஆள் இருக்கு. அனிமே பார்த்து ஜப்பான் சொல் பொறுக்கிக்கொண்டு திரியிறா எண்டா ஜப்பான். உங்களுக்குப் பிடிச்சதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்ததும் காரணம் ஆகாது, ரெண்டாவது வருசத்துல கஷ்டம் வரேக்க அவவ இழுத்துக்கொண்டு போறது அவவிட காரணம்தான், உங்கட காரணம் அந்த இடத்துல நிக்காது.

வகுப்பு தேடேக்க கொழும்பு 7ல பிரெஞ்சுக்கு அலியான்ஸ் ஃப்ரான்சேஸ், ஜெர்மனுக்கு கெதே இருக்கு, பீஸ் கூட எண்டா வேற நல்ல தனி டீச்சர்மாரும் இருக்கிறாங்க. காசு கட்ட முதல் ஒரு வகுப்ப பின்னால இருந்து பாக்க விடச் சொல்லிக் கேளுங்க. பத்து நிமிசத்துல எத்தின பிள்ளை அந்த மொழியில தன்ட சொந்த விசயம் ஒண்டு சொல்லுது எண்டு எண்ணுங்க, டீச்சர் அவங்கட பேர் தெரிஞ்சு கேக்கிறாரா எண்டு பாருங்க, பிழை விட்ட பிள்ளை திரும்ப ஒருக்கா சொல்ல நேரம் கிடைக்குதா எண்டு பாருங்க. பாக்க விட மாட்டம் எண்டா, சுவர்ல எத்தின ரிசல்ட் ஒட்டியிருந்தாலும், அங்க சேர்க்காதீங்க.